இரவல் ரேம்

திருடப் போவதில்லை, சும்மா இரவல் வாங்கப் போகிறோம் என்றுதான் நம்மவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. கையில் ஸ்க்ரூடிரைவர். எதிரே மனைவியின் கம்ப்யூட்டர் மூடி கழற்றப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

எல்லாம் பியானோ செய்த வேலை. நிஜப் பியானோவுக்கு வீட்டில் ஏது இடம்? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பியானோ. யாரோ பொறுமைசாலி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பதிவு செய்த ஒலிகள் டிஸ்கில் ஆயிரக்கணக்கில் இருந்தன. நம்மவர் கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டர் டிஸ்குக்குப் போய், தேடி எடுத்து வந்து ஒலிக்கும். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். எல்லா ஒலியையும் முன்கூட்டியே ரேமில், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில், ஏற்றி வைத்தால் கை வைத்ததும் வரும் என்று எங்கேயோ படித்தார். ரேமுக்கு எங்கே போவது? மனைவியின் கம்ப்யூட்டரில் இரண்டு இருந்தன. ஒன்றை உருவித் தன்னுடையதில் மாட்டிக்கொண்டார்.

அது ஞாயிறு. மனைவி பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவள். வெள்ளிக்குள் இருநூறு பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த புத்தகம் வேறு ஆளுக்கு.

"என்னங்க, ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள தலை நரைச்சிடும் போல" என்றாள் திங்களன்று.

"வயசாயிடுச்சும்மா."

"எனக்கா?"

"கம்ப்யூட்டருக்கு."

"ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒண்ணாத்தானே வாங்கினோம்?"

நம்மவருக்குக் குடித்த தண்ணீர் புரைக்கேறியது.

பியானோவோ அன்றும் தாமதமாகவே ஒலித்தது. ரேமுக்குப் புது இடம், பழகட்டும் என்று விட்டார். செவ்வாய் மாலை உட்கார்ந்தால், அடடா, தொட்டதும் ஒலித்தது. கூடவே பக்கத்து அறையிலிருந்து மனைவியின் பெருமூச்சும் வந்தது. அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை.

"நீ வேலையப் பாரு, சமையல் நான் பண்றேன்" என்றார்.

புதன், துணி துவைத்தார். வியாழன், ஒட்டடை அடித்தார். பெருமூச்சு மட்டும் குறையவில்லை. வெள்ளி காலை, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்து நின்றார். கூசிப்போயிருந்தார்.

"உன் ரேமைக் கழட்டினது நான்தான். அச்சகத்துல வேணா நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"எதுக்கு? பக்கமெல்லாம் நேத்தே போயிடுச்சு."

"எப்படி?"

"செவ்வாக்கிழமை நீங்க ஆபீஸ் போனதும் ரேமை எடுத்து மாட்டிக்கிட்டேன்."

"அப்ப என் பியானோ?"

"முன்கூட்டியே ஏத்தணும்னா அதுக்கு செட்டிங்ஸ்ல ஒரு சின்னக் கட்டத்துல டிக் பண்ணணும். நீங்க பண்ணவே இல்ல. நான் பண்ணி விட்டேன். உங்க பழைய ரேமே தாராளமாப் போதும்."

நம்மவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேவையே இல்லாத திருட்டு. அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

"அப்ப அந்தப் பெருமூச்சு?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். வீடு வேற பளபளன்னு ஆயிட்டே வந்துச்சா, நானும் அவசரப்படல."

"சரி, தப்புதான். இன்னிக்கு ஒரு நாள் சமையலும் நானே பண்ணிடறேன்."

"இன்னிக்கு மட்டும் எப்படிங்க? உங்களை நம்பி அடுத்த மாசத்துக்கு மூணு புத்தகம் ஒத்துக்கிட்டேனே."