ஜன்னலுக்கு வைத்தியம் பார்த்தவர்

"நான் சேர மாட்டேன். தலையே போனாலும் சேர மாட்டேன்!" என்று என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று சபதம் போட்டார். சபதம் முடிவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதன் காலில் ஏதோ ஆட்டம் இருக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

அவருக்கு ஆஸ்துமா. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பது ஆஸ்துமாவைவிடப் பெரிய நோய். சலூன் வைத்திருக்கிறார். "கத்தி பிடிக்கிறவனுக்கு மூச்சு இழுக்குதுன்னா எவன் கழுத்தைக் காட்டுவான்?" என்பார்.

எனக்குப் பயப்படுவதுதான் வேலை. அவர் மூன்று மாடி ஏறி வருவார். செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே அடுப்படியில் நிற்பேன். இரண்டாவது மாடியில் சத்தம் நின்றுவிடும். மறுபடி கேட்கிற வரை என் கரண்டியும் நின்றுவிடும். போன மாதம் ஒரு சாயங்காலம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்துவிட்டது. பக்கத்து வீட்டைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்நியர் முன்னால் எனக்கு எப்போதுமே வராது. இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டாள். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவரைக் காப்பாற்றியது ஒன்றரை வயது மகள். மனைவி இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "தினமும் இன்ஹேலர் எடுக்கிறீங்களா?"

"காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. தவறினதே இல்லை டாக்டர்."

இன்ஹேலரின் முதுகில் ஒரு எண் இருக்கும். அழுத்த அழுத்தக் குறையும். டாக்டர் திருப்பிப் பார்த்தார். எண் கணக்காகக் குறைந்திருந்தது.

"அப்ப இந்த மருந்து உங்களுக்குக் கேட்கலை. கேட்காதவங்களுக்காக ஒரு புது மருந்தை இங்கே ஆராய்ச்சி பண்றோம். விருப்பம் இருந்தா சேரலாம்" என்று பதினாறு பக்கச் சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

எண் குறைந்த ரகசியம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறை ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. புஸ். புஸ். உள்ளே போய்விட்டது. நாள் முழுக்க அடுத்தவன் தலையில் தண்ணீர் அடிக்கிற கை அல்லவா, ஒரு துளி அவர் பக்கம் போகவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் தெருக் காற்றுக்கு ஆஸ்துமாவே கிடையாது!

கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் மூச்சு இழுக்கும். அதனால் கேட்கவில்லை.

சபதம் போட்ட கையோடு எனக்குப் பாடம் நடத்தினார்.

"டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொன்னா, பயந்தாங்கொள்ளின்னு நினைப்பார். என் பொண்டாட்டி சம்மதிக்கலைன்னு சொல்லிடறேன். நீ அழு."

"என்னன்னு அழறது?"

"என்னன்னு எதுக்கு? சும்மா அழு. உனக்குத்தான் வெளி ஆள்கிட்ட வாயே வராதே. ரொம்ப வசதி."

"புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"மேல 'ஆராய்ச்சி'ன்னு போட்டிருக்கு. போதும். எலிக்குப் பண்றதை எனக்குப் பண்ணுவாங்களாம். நான் எலியா?"

எலிகூட மருந்தை ஜன்னலுக்கு அடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். குழந்தை தூங்கும் மத்தியான நேரத்தில், வரிக்கு அடியில் விரலை வைத்து வைத்துப் படித்தேன். புரியாத வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். பயம் குறையும் என்று பார்த்தால் நாலாம் பக்கத்தில் கூடிவிட்டது. 'அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.' புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் எடுத்தேன். ஏழாம் பக்கத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் விளக்கிச் சொல்வதற்கென்றே ஒரு அக்கா இருந்தார்.

"புத்தகம் படிச்சீங்களா சார்?"

"கரைச்சுக் குடிச்சிட்டேன் மேடம். எனக்கு ஓகே. இவதான் பயப்படறா. படிப்பு கம்மி, ஒண்ணும் புரியலை." மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் அழ வேண்டிய இடம்.

அக்கா முந்திக்கொண்டார். "இங்கே ஒரு வழக்கம் சார். புரிஞ்சதை அவங்கவங்க வாயால சொன்னாத்தான் கையெழுத்தே வாங்குவோம். நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க, நான் கேட்கிறேன்."

வீட்டுக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதாவது... ஆளுங்களை ரெண்டாப் பிரிப்பாங்க. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு ஒண்ணும் கிடையாது."

"அந்தப் பாதிப் பேரு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அவங்க... தியாகிங்க."

"அப்படி இல்லைங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"பழைய மருந்தை எல்லாருக்கும் தருவாங்க. அதை நிறுத்த மாட்டாங்க. கூடவே பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். டாக்டருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவர் மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும்னு."

"கெடுதல் வருமா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"தலைவலி வரலாம். ரொம்ப அபூர்வமா ஈரல் கெடலாம். அதுக்குத்தான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. குணமாயிடும்னு யாரும் சத்தியம் பண்ணலை. நடுவுல விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது." மடியில் இருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா புத்தகத்தை வாங்கி, நான் வட்டம் போட்ட வார்த்தைகளைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். "அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப இந்த வார்த்தையை எல்லாம் மாத்திடறேன்மா. நீங்க சம்மதிக்கலையா?"

"அவர் உடம்பு, அவர் முடிவுக்கா. நான் குறுக்கே நிற்கலை."

ஒளிந்துகொள்ள இப்போது பொண்டாட்டி இல்லை. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான் பயமா இருக்கு மேடம்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். யாரும் காலை மிதிக்காமலே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லலாம் சார். யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

"அக்கா, அந்த ஏழாம் பக்கம்..." என்றேன்.

"ஆமா, அதையும் சொல்லிடறேன். முதல் நாலு வாரம் யாருக்கும் புது மாத்திரை கிடையாது. இப்ப எடுக்கிற இன்ஹேலர் மட்டும்தான். அப்புறம்தான் சேரலாமா, வேண்டாமான்னு முடிவு."

அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. "அவ்வளவுதானா? அதைத்தான் ரெண்டு வருஷமா எடுத்துக்கிட்டிருக்கேனே! கொண்டாங்க பேனாவை."

"ஒரே ஒரு விஷயம். வீட்டு ஆள் ஒருத்தர் எதிரே நின்னு பார்த்து, தினமும் நோட்டுல குறிக்கணும். சிலர் எடுக்காமலே எடுத்தேன்னு சொல்லிடறாங்க."

வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

காலை ஏழு மணி. நான் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பென்சிலோடு எதிரே நிற்பேன். "உள்ளே இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் விடாதீங்க." அவர் கண் தானாக ஜன்னலுக்குப் போகும். ஜன்னலைச் சாத்தியிருப்பேன். சாயங்காலமும் இதே கூத்து. இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இதுவும் கேட்காவிட்டால் என்ற பயத்தில் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள். படியில் செருப்புச் சத்தம். இரண்டாவது மாடி வந்தது. சத்தம் நிற்கவில்லை. மேலே வந்துகொண்டே இருந்தது. யாரோ அந்நிய ஆள் என்று பயந்து கதவைத் தாழ் போட்டுவிட்டேன்.

"கதவைத் திற! நான்தான்!" என்று கத்தினார். கத்துகிற அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது. கதவைத் திறக்காமல் அப்படியே சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

நாலு வாரம் முடிந்து டாக்டர் மூச்சை அளக்கிற குழாயை ஊதச் சொன்னார். ஊதினார். டாக்டர் மறுபடி ஊதச் சொன்னார்.

"பழைய மருந்தே உங்களுக்கு நல்லாக் கேட்குதே! இந்த ஆராய்ச்சி உங்களுக்கு இல்லை."

"திடீர்னு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்" என்றார் வீட்டுக்காரர், கண்ணை இமைக்காமல்.

வெளியே வந்ததும் தோளை நிமிர்த்திக்கொண்டார். "பார்த்தியா, எப்படித் தப்பிச்சேன்னு? சரி, அந்த நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேங்க."

"அப்பாடா!"

"அக்கா புதுசா ஆறு நோட்டு குடுத்திருக்காங்க" என்றேன்.