சோப்பு டப்பா பிடித்த சீட்டு

கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் பரீட்சைக்குத் தயாராக ஆரம்பித்த முதல் ஆள் இந்தப் பூமியில் எங்கள் சோப்புடப்பாதான். பெரம்பலூர் ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் கிடந்தவள் என்ற முறையில், எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு, நுழைவுத் தேர்வு கோச்சிங்குக்காக ஹாஸ்டலிலேயே தங்கியிருந்தோம். திடீரென்று ஒரு தனியார் பல்கலைக்கழகம், இனி பேப்பர், பேனா கிடையாது, கம்ப்யூட்டரில்தான் பரீட்சை என்று அறிவித்துவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் லைட்டையும் ஃபேனையும் விட்டால், இருந்த ஒரே நவீனக் கருவி வார்டன் அம்மாவின் மிக்சி.

சோப்புடப்பாவுக்கு ஊர் ஆண்டிமடம். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. "இதுல சீட்டு கெடைக்கலன்னா டீச்சர் ட்ரெயினிங்ல சேந்துடணும். மறுபேச்சு பேசக் கூடாது" என்று சொல்லித்தான் அவளை விட்டுப்போயிருந்தார். அங்கே இடமும் பேசி வைத்தாகிவிட்டது. இவளுக்கோ சின்னப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்றால் உயிர்.

அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பி ஒட்டியிருந்தாள். அதில் ஒரு கணக்கு, நாலு வட்டம், மூலையில் 'நெக்ஸ்ட்' என்று ஒரு கட்டம். மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் சோப்பு டப்பா, டப்பாவுக்கு வாலாகப் பாவாடை நாடா. தாளை உறுத்துப் பார்த்தபடி டப்பாவை நகர்த்தி, விரலால் 'டொக்' என்று தட்டினாள். அன்றோடு அவள் சொந்தப் பெயர் போனது.

"ஏன்டி, எந்திரிச்சுப் போயி வெரலால தொட்டா ஆவாதா?" என்றேன்.

"ஸ்கிரீனத் தொடக் கூடாதுடி. கண்ணு அங்க இருக்கணும், கை இங்க இருக்கணும்."

வார்டன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ வூட்டுக்கு ஒரு போன் போட்டுடவா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆனால் சீக்கிரமே அறைக்கு அறை 'டொக்' கேட்க ஆரம்பித்தது. டப்பா இழந்த சோப்புகள் குளியலறைத் திட்டில் அனாதையாகக் கிடந்தன. அதில் பாதியைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நிஜ மவுஸைக் கையில் பிடித்தாள். அம்பு ஸ்கிரீனில் பாதி தூரம் போவதற்குள் மேஜை முடிந்துவிட்டது. அவள் அசரவில்லை. அடுத்த மேஜையில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "கொஞ்சம் நகந்துக்குங்கண்ணே, அம்பு இன்னும் போவணும்" என்று சொல்லிவிட்டு மவுஸை அந்தப் பக்கம் ஓட்டினாள்.

கடைக்காரர் பதறி ஓடி வந்தார். "வயர் அந்துடும்மா. தூக்கி நடுவுல வையி. அம்பு நின்ன எடத்துலயேதான் நிக்கும்."

சோப்புடப்பாவின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அன்று சாயங்காலமே பயிற்சியில் அதையும் சேர்த்துவிட்டாள். ஹாஸ்டல் முழுக்க டப்பாக்கள் நகர்ந்தன, எழும்பின, மறுபடி இறங்கின.

பரீட்சை திருச்சியில். எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. மேற்பார்வையாளர் இங்கிலீஷில் விதிகளைக் கடகடவென்று படித்து முடித்தார். முன்வரிசையில் ஒரு பையன் மவுஸை மேஜை விளிம்புவரை கொண்டுபோய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான். சோப்புடப்பா எழுந்துவிட்டாள்.

"சார், இதுல பாதிப் பேரு இப்பதான் மவுஸையே பாக்குறாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓட்டிப் பாக்க விடுங்க."

"உக்காரும்மா. இன்னொரு தடவ வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்."

அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். வெளியே போனால் நேரே டீச்சர் ட்ரெயினிங்தான்.

"அனுப்புங்க சார். இத மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றவள் ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். "மேஜை முடிஞ்சிட்டா பயப்படாதீங்க. தூக்கி நடுவுல வைங்க. அம்பு எங்கயும் போயிடாது."

ஹால் முழுக்க மவுஸ்கள் எழும்பி இறங்கின. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த விதித் தாளை மடித்து வைத்தார். பிறகு, "சரி, கொஞ்ச நேரம் எல்லாரும் பழகிக்குங்க" என்றார். அவளிடம், "நீ உக்காரும்மா" என்றார். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

பரீட்சை முடித்ததுமே மார்க் ஸ்கிரீனில் வந்துவிடும். அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் கோச்சிங்கில் சொன்ன கட்ஆஃபைத் தாண்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

வெளியே அவள் அப்பா காத்திருந்தார். "என்னா பாப்பா ஆச்சு?"

"அந்த டீச்சர் ட்ரெயினிங் சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுங்கப்பா."

அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சை, இன்டர்வியூ என்று போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, அங்கே வேறு யாரோ இருப்பதைக் கண்டு கொஞ்சம் வாடித்தான் போயிருக்கிறேன்.