எழுபது குறிக்குள் ஒரு சம்மதம்

14 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை, காலை 11.20. செம்மேடு பஸ் ஸ்டாண்ட். இந்த நிமிடம் வரை நீங்கள் அமெரிக்காவிலிருந்து என் தங்கை கலைச்செல்விக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் 212. அவள் உங்களுக்கு அனுப்பியவை 7.

மதிப்பிற்குரிய கார்த்தி அவர்களுக்கு, தனபால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாப்பிள்ளை என்று எழுதத்தான் ஆசை. அது உங்கள் பதிலைப் பொறுத்தது. உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் சோளக்காட்டில் பஸ் ஏறப்போன எங்கள் அம்மாவை உங்கள் அம்மா நிறுத்தி, "பொண்ணுக்கு மனசில்லையாட்ட இருக்குதுங்க. பையன் பத்துப் பேச்சுப் பேசினா ஒரு பேச்சுப் பேசுதாம். தை மாச நிச்சயத்தை விட்டுரலாமுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். கலைச்செல்வி எழுதிய ஏழையும் உங்கள் அம்மா அங்கேயே ஒப்பித்ததால்தான் அவை எனக்கும் தெரியும். 'சாப்பிட்டேன்.' 'மழை.' 'சரி.' மறுபடியும் 'சரி.' மற்ற மூன்றும் இதே நீளம்தான்.

இது மனசுக் கோளாறு இல்லைங்க, கட்டணக் கோளாறு. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, இந்த மலையில் செல்போன் டவர் பராமரிக்கிறவன், எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் மெசேஜ் காற்று மாதிரி, எவ்வளவு விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு வரியை ஒன்பதாக உடைத்து அனுப்புகிறீர்கள். 'ஹாய்' ஒன்று, 'என்ன பண்றே' ஒன்று, 'சும்மாதான்' ஒன்று, அப்புறம் சிரிப்புக்குத் தனியாக ஒன்று. இங்கே உள்ளூருக்கு ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் இலவசம், அனுப்பத்தான் ஆள் இல்லை, எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். எங்கள் குண்டனி நாட்டு ஊர்களில் நெட் எடுக்காது, செம்மேட்டுக்கு வந்தால்தான் எடுக்கும். அதனால் கலைச்செல்விக்கு மெசேஜ்தான் வழி. வெளிநாட்டுக்கு என்றால் ஒன்றுக்கு ஐந்து ரூபாய். அதிலும் நீங்கள் 'தமிழிலேயே எழுது, படிக்க ஆசையாக இருக்கு' என்று கேட்டீர்களாம். இங்கிலீஷில் ஒரு மெசேஜுக்கு நூற்று அறுபது எழுத்து பிடிக்கும். தமிழில் எழுபது குறிதான். புள்ளி ஒரு குறி, கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி. உங்கள் ஆசைக்குப் பாதிக்கு மேல் இடம் போச்சுங்க, யோசிச்சீங்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊட்டுக்கு மனுஷன் யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டான், பேங்க்தான் அனுப்பும். போன மாதம் அவள் போனை ஊட்டில் விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தாள். நீங்கள் ஒன்பது துண்டாக ஏதோ அனுப்ப, போன் ஒன்பது முறை கத்த, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, எவனோ கணக்கிலிருந்து ஒன்பது தடவை பணம் எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டி, போட்ட சட்டையோடு செம்மேடு பேங்க்குக்கு ஓடி, கார்டை முடக்கச் சொல்லிவிட்டார். அதைத் திறக்க நாலு நாள் நான் அலைந்தேன். நீங்கள் அனுப்பியது என்னவென்று பிறகு அவளிடம் கேட்டேன். அங்கே அணில் கறுப்பாக இருக்கிறதாம்.

அந்த மிஸ்டு கால் கதையும் அப்படித்தான். இங்கே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் 'கிடைச்சுது, நல்லா இருக்கேன்' என்று அர்த்தம், காசும் ஆகாது. கலைச்செல்வி உங்களுக்கும் அப்படிக் கொடுத்தாள். ரிங்கே போகாமல் யாரோ ஒரு அம்மா இங்கிலீஷில் பேசியிருக்கிறது. அவள் மரியாதைக்கு 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது உங்கள் வாய்ஸ் மெயில்! ஆடு கத்தியதும் அப்பா இருமியதும் பதிவாகி, பேலன்ஸ் காலியாகித்தான் லைன் கட்டானது. நீங்கள் உங்கள் அம்மாவிடம் சொன்னது, 'போன் போட்டு, பேசாமலே வெச்சுட்டா.' எங்கே வெச்சாள், கம்பெனிதானுங்க வெச்சது.

ஆகவே, குறைவாக எழுதியது குறைவான பிரியத்தால் இல்லை. ஐந்து ரூபாயும் எழுபது குறியும்தான் காரணம். நிச்சயத்தை நிறுத்த இது போதாது. இரண்டு நாளாக எங்கள் அம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை, நான் கடையில் சாப்பிடுகிறேன். உடனே பதில் வேண்டும், ஒரே மெசேஜாக.

பெரியவர்களுக்கு என் வணக்கம். எட்டுக்கை அம்மன் அருளால் உங்களுக்கு எல்லாம் கூடி வரட்டும்.

இப்படிக்கு,
தனபால்

பி.கு.: அனுப்பும் முன் இதைக் கலைச்செல்வியிடம் காட்டினேன். கடையில் மிளகு விற்க என்னோடு வந்திருக்கிறாள். நின்றபடியே முழுசும் படித்துவிட்டு, "யாருண்ணா சொன்னது காசுக்காவன்னு? ஓசின்னாலும் அத்தனைதான் எழுதியிருப்பேன். கேட்டாரு, பதில் சொன்னேன். அதுக்கு மேல என்னத்த எழுதறது?" என்றாள். மேலே நான் எழுதிய விளக்கம் அத்தனையும் தண்டம். அப்படியானால் அவருடைய 212-ஐயாவது படித்தாயா என்று கோபத்தில் கேட்டேன். "ஒவ்வொண்ணும் மூணு வாட்டி. போன்ல எடம் இல்லைன்னு காட்டுச்சு, அதுல ஒண்ணையும் அழிக்கலை. போட்டோவை அழிச்சுட்டேன்." யார் போட்டோவை? "உன்னுதைத்தாண்ணா." மெசேஜுக்கு அவ்வளவு இடமே தேவையில்லை என்று அவளுக்குப் புரியவைக்க முயன்றேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள். எனவே நான் செய்யப்போவது:

1. விளக்கம் தப்பு என்று தெரிந்தும் கடிதத்தை அப்படியே அனுப்புவேன். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்திருக்கிறேன்.
2. மாப்பிள்ளை என்றே கூப்பிடுவேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை.
3. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உங்கள் ஊட்டுக்குப் போவேன். அத்தையிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், எதையும் விளக்க மாட்டேன், தை மாதத்தில் எந்தத் தேதி என்று மட்டும் கேட்பேன்.