பம்ப் ஹவுஸ் பாராட்டு நோட்டு

இனி என்னை யார் பாராட்டினாலும் நம்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

நான் ஈஸ்வரன். சின்னக்கானல் பக்கம் தேயிலைக் காட்டுக்குள் குடிநீர் பம்ப் ஆபரேட்டர். காலை ஆறுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஏழரைக்கு விடுவேன். சர்க்கார் உத்தியோகம். ஊர்தானே காத்திருக்க வேண்டும்?

போன மாதம் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் கமிட்டி போட்டார்கள். பம்ப் ஹவுஸ் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பொதுமக்கள் கருத்து எழுதலாமாம். என்னைக் கவிழ்க்கத்தான் என்று புரிந்துவிட்டது. உடனே என் மனைவி கற்பகத்தைக் கமிட்டியில் சேர்த்துவிட்டேன். உள்ளே நம் ஆள் ஒன்று வேண்டாமா?

முதல் வரியே தூக்கிவாரிப் போட்டது: 'ஆபரேட்டர் சார் இன்று பத்து நிமிடம் முன்னால் வந்தார். சந்தோஷம்.'

இருபது வருஷ சர்வீஸில் என்னை யாரும் சார் என்றதில்லை. மறுநாள் ஏழுக்குப் போனேன். அதற்கு மறுநாள் ஆறரை. தினம் ஒரு பாராட்டு, தினம் ஒரு கையெழுத்து. யாரோ கையை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்! 'நீலச் சட்டை போட்டால் சார் எடுப்பாக இருப்பார்' என்று ஒரு நாள். கற்பகம் குமுளியில் வாங்கி வந்து, நான் தொடாமல் வைத்திருந்த சட்டையை எடுத்து மாட்டினேன்.

"ஏங்க, விடியுமுன்ன எங்க கிளம்பிட்டீங்க?"

"டூட்டிக்கு."

"டூட்டிக்கா? நீங்களா?"

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு அந்த வரி வந்தது: 'ராத்திரி முழுக்க இருமியும் சார் ஆறு மணிக்கே தண்ணீர் விட்டார்.'

நான் இருமியது யாருக்குக் கேட்கும்? லயத்தில் ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கமிட்டிக்காரி கத்தரீனாள். கற்பகத்துக்குத் தெரிந்தால் தொலைந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

குழாயடியில் அவளைப் பிடித்தேன். "கத்தரீனா, இந்த நோட்டு விஷயம் கற்பகத்துக்குத் தெரிய வேண்டாம்."

"அதுக்குத் தெரியாமயாண்ணே? அதுதான எங்களுக்கு முறை வச்சு எழுதச் சொல்லுது! 'பதினெட்டு வருசமா கத்திப் பாத்துட்டேன், மனுசன் எந்திரிக்கல. புகழ்ந்து பாப்போம்'னுச்சு. இருமலும் அது சொல்லித்தான் எழுதுனேன்."

நோட்டைக் கிழித்தெறிய பம்ப் ஹவுஸுக்கு ஓடினேன். அதில் நாளைய தேதி போட்டு, கற்பகத்தின் கையெழுத்திலேயே ஒரு வரி: 'ஆபரேட்டர் சார் நேற்று வீட்டுத் துணி முழுக்கத் தானே துவைத்தார். ஊரே மெச்சுகிறது.' கீழே ஆறு பேர் கையெழுத்து.

வீட்டுக்குப் போய் சோப்பைத் தேடினேன்.