சிக்னல் சித்திக்காக நின்ற மோட்டார்

ஒரு செயற்கைக்கோளுக்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்ட ஒரே பெண்மணி, உலகத்திலேயே, எங்கள் சிக்னல் சித்திதான். உலகம் முழுக்க விசாரிக்க நேரமில்லை, தெலுங்கு பேசும் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் வரைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

நான் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். சித்தி யாருக்குமே சித்தி இல்லை. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதினாள். சாயங்காலமானால் மொட்டை மாடி. பிளாஸ்டிக் குழாயில் தச்சரின் இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிய ஆண்டெனா அவள் கையில், லேப்டாப் என்னுடையது. தெற்கே எழும்பி வடக்கே இறங்கும் ஒரு கிழட்டு வானிலைச் செயற்கைக்கோள், போகிற போக்கில் தான் பார்த்த மேகங்களை 'டிக் டிக்' என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். சித்தி ஆண்டெனாவை அதன் கூடவே திருப்புவாள். திரையில் வரி வரியாகப் படம் இறங்கும்.

ஒருமுறை குஷாய்குடாவில் கல்யாணப் பந்தி. பாயசம் வரும் நேரம் சித்தி எழுந்து மண்டப மாடிக்கு ஓடினாள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ டிவி நேரலை என்று நினைத்துப் பின்னாலேயே போய், தலை வாரிக்கொண்டு, வரிசையாக நின்று வானத்துக்குக் கையசைத்தார்கள். சித்தி அவர்களைத் தடுக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே சித்தி?"

"கைக்கு?" இந்த ஊர் உருதுவில் 'எதுக்கு' என்று அர்த்தம். "சந்தோஷமா நிக்கிறாங்க. மேல இருந்து பாத்தா ஆளும் தெரியாது, மண்டபமும் தெரியாது."

ஒரே ஒரு தொல்லை. சரியாகச் செயற்கைக்கோள் தலைகாட்டும்போது வாட்ச்மேன் யாதய்யா மோட்டாரைப் போடுவான். அந்தப் பழைய மோட்டாரின் இரைச்சல் சிக்னலில் கலந்து, படத்தில் பட்டையாகக் கறுப்பு விழும். கறை இல்லாத முழுப் படம் ஒன்றுகூடச் சித்தியிடம் கிடையாது. அந்தச் சமயத்தில்தான், வயதாகிவிட்டதால் அந்தச் செயற்கைக்கோளை இந்த வாரம் அணைத்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

சித்தி நேராக அபார்ட்மெண்ட் செகரட்டரி வீட்டுக்குப் போனாள். அவர் தஞ்சாவூர்க்காரர்.

"ஏம்மா, நீ படம் பிடிக்கறதுக்கு நாங்க குளிக்காம உக்காந்திருக்கணுமா?"

"குளிங்க சார், யாரு நக்கோ, வேணாம்னா? கால் மணி கழிச்சுக் குளிங்க. இந்த வாரத்தோட அந்தச் சாட்டிலைட்டையே அணைக்கப் போறாங்க."

"அதை அணைக்கறதுக்குப் பதிலா ரிப்பேர் பண்ணச் சொல்லேன்."

"அவ்ளோ உசரத்துக்கு யார் சார் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போறது? போன அன்னிலேருந்து வெயில்லயே கரண்ட் எடுத்துட்டு, தன்னந்தனியா வேலை பாக்குது. சரி, இதப் பாருங்க." படத்தை நீட்டினாள். "இந்தக் கறுப்புப் பட்டைக்கு அடியிலதான் உங்க தஞ்சாவூர். நம்ம மோட்டார் முழுங்கிடுச்சு."

செகரட்டரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் ஓடவில்லை. அதைவிட ஆச்சரியம், லிஃப்டும் ஓடவில்லை; அதன் இரைச்சலும் வேண்டாமென்று செகரட்டரியே நிறுத்தச் சொல்லியிருந்தார். மாடி நிறைய ஜனம், முன்வரிசையில் செகரட்டரி. சித்தி ஆண்டெனாவைத் தெற்கே நீட்டினாள். லேப்டாப்பில் வெறும் 'உஸ்ஸ்'. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். உஸ்ஸ்தான்.

சித்தி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். ஆனால் கை நிற்கவில்லை. தெற்கிலிருந்து உச்சிக்கு, வழக்கமான வேகத்திலேயே, ஆண்டெனா ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, படம் வரதா?"

"இல்ல சார். அணைச்சுட்டாங்க."

"அப்ப எதைக் காட்டிண்டிருக்க?"

"அதைத்தான். பேச்சுதான் நின்னிருக்கு, அது போயிட்டேதான் இருக்குது. இப்போ நம்ம தலைக்கு நேரா."

எல்லோரும் அண்ணாந்தார்கள். நீலம் மட்டும் இருந்தது.

"விழுந்துடாதா?"

"அங்க காத்து இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. வேகத்தைக் குறைக்க ஒண்ணுமில்ல சார். நாமெல்லாம் போனப்புறமும் சுத்திட்டிருக்கும்."

கீழேயிருந்து யாதய்யா கத்தினான், "சார், மோட்டார் வேஸ்தானா?" போடட்டுமா என்று கேட்கிறான்.

செகரட்டரி கைப்பிடிச் சுவரில் எட்டி, குரலைத் தாழ்த்தி, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போலச் சொன்னார்: "இருப்பா. அது வடக்கே இறங்கட்டும்."