டயர் கமிட்டியின் ஏகமனதான தீர்மானம்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பாதி உண்மை. உருட்டிவிட்டால் உருளும் ஒரு சாமானைக் கண்டுபிடிக்க என்ன பெரிய மூளை வேண்டிக் கிடக்கிறது? அந்தச் சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டும், கால் மைல் தூரத்தைப் பக்கத்துக் காருக்கு முன்னால் கடக்க வேண்டும் என்ற ஞானோதயம் வருவதற்கு மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஞானம் ரப்பரில் எடுத்த அவதாரம்தான் டிராக் ரேடியல் என்னும் பந்தய டயர். அந்த ஞானச் சுடரை அணையாமல் காத்துவரும் ஊர், இண்டியானா மாநிலத்துக் கெல்லர்ஸ்பர்க்.

கெல்லர்ஸ்பர்க்கில் சோளமும் சோயாவும் தாமாகவே விளைந்துவிடுவதால் ஆண்களுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. அப்படி யோசித்து அவர்கள் நிறுவியதே 'தினசரி அதிவேகக் கார் ஓட்டிகள் சங்கம்'. பெயரின் முதல் சொல்லில்தான் சங்கத்தின் மானமே இருக்கிறது. பந்தயக் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்த் தடத்தில் இறக்குவது எந்தச் சோம்பேறிக்கும் கைவரும். வாரம் முழுக்க வேலைக்கும் கடைக்கும் போன அதே காரை, அதே டயரோடு, சனிக்கிழமை தடத்தில் விட்டுச் சீறுவதற்கு ஆண்மை வேண்டும். சங்கத்தார் ஒவ்வொருவரும் அந்த ஆண்மை தமக்கு உண்டு என்று சனிக்கிழமைதோறும் மோனா உணவகத்தில் பான்கேக் தின்றபடி உறுதி கூறுவது வழக்கம்.

சங்கத்தின் மிகப் புதிய உறுப்பினர் வெண்டல் க்ராவுஸ். மாவட்ட வடிகால் அலுவலகத்தில் வேலை. வயல்களுக்கு நடுவே ஓடும் அரசாங்கக் கால்வாய்களில் தண்ணீர் ஓடுகிறதா, யாராவது வேலி போட்டு மறித்திருக்கிறார்களா என்று பார்க்கும் உயர்ந்த பொறுப்பு. சாதுவான மனிதர். அந்த வசந்தகாலத்தில் தன் பழைய பிக்கப்பை விற்றுவிட்டு எட்டு சிலிண்டர் கறுப்புக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நெஞ்சு விம்மியது. மறைப்பானேன், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு விம்மவில்லை.

அவர் மனைவி டார்லா முதியோர் இல்லத்தில் நர்ஸ். கார் வீட்டுக்கு வந்த அன்றே அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

"இந்தா பாரு வெண்டல். என் வேன் என் வேலைக்கு. நீ ஆபீஸ் போறது, ஜூனிய ஸ்கூல்ல விடறது, எல்லாம் உன் கறுப்புல. மழையோ வெயிலோ எனக்குத் தெரியாது. ஒரு நாள் அது கால வாரிச்சு, அன்னிக்கே விக்கற. சரியா?"

"இது தினமும் ஓட்டற வண்டி டார்லா. கால எல்லாம் வாராது."

"வாயால சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

கோடை முழுக்கக் கார் கால் வாரவில்லை. ஆனால் செப்டம்பரில் பந்தயத் தடத்தில் மானம் போயிற்று. பச்சை விளக்கு எரிந்ததும் வெண்டல் ஆக்சிலரேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பக்கத்துத் தடத்தில் உள்ளூர்ப் பாதிரியார் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் அவரைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் கையையும் ஆட்டினார், ஆசீர்வாதம் மாதிரி.

அடுத்த சனிக்கிழமை சங்கம் அவசரமாகக் கூடி டயர் கமிட்டி ஒன்றை நியமித்தது. தலைவர் வெர்ஜில் சாட்டர், ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். உறுப்பினர்கள் பல் டாக்டர் லோவலும், தானியக் கிடங்கு மேனேஜர் ஹோய்ட்டும். மூவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊரில் பாலம் இடிந்து விழுந்தபோதுகூட இவ்வளவு சிரத்தையான கமிட்டி அமையவில்லை.

"தம்பி, நான் தெனமும் ஓட்டறவன்கற முறைல சொல்றேன்," என்று தொடங்கினார் வெர்ஜில். அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் தொடங்குவார், பான்கேக்குக்கு வெண்ணெய் கேட்பதாக இருந்தாலும். "டயர் ரெண்டே ஜாதி. ஒட்டறது, ஒட்டாதது."

"ஆனா தலைவரே, கடைக்காரன் மூணு வகை காட்டினானே. ஒண்ணு எல்லாப் பருவத்துக்கும்னு..."

லோவல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாப் பருவத்துக்குமா? அது மாமியார் டயர்ப்பா."

"ரெண்டாவது, பாதி ஒட்டும், ரோட்டப் பிடிக்கற பட்டன் கொஞ்சம் ஆழமா இருக்கும். மூணாவது டிராக் ரேடியல், நல்லா ஒட்டும், ஆனா பட்டனே இல்ல, பேருக்கு நாலு கோடு கிழிச்சிருக்கான். பாத்தா மொட்டை டயர் மாதிரி இருக்கு."

"கோடு இருக்கில்ல? அப்ப ரோட்டுக்கு ஆகும்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு," என்றார் ஹோய்ட். "அரசாங்கத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? நீயே அரசாங்கத்துலதான வேலை பாக்கற."

இந்த வாதத்தை வெண்டல் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். அவர் அரசாங்கத்தில்தான் வேலை பார்த்தார். ஆனாலும் வடிகால்காரருக்கே உரிய ஒரு சந்தேகம் அவரை அரித்தது.

"மழை பெஞ்சா?"

மூவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள், பிரார்த்தனைக் கூட்டத்தில் யாரோ ஏப்பம் விட்டதுபோல.

"மழைய மதிக்கணும் தம்பி," என்றார் வெர்ஜில் கடைசியில். "அவ்வளவுதான். பதினோரு வருஷமா அந்த மூணாவதுலதான் போறேன். மழையில ஒரு நாள், ஒரே நாள் வழுக்கிச்சுன்னு சொல்லு பாப்போம்."

"என் வண்டி மழையில ஒரு தரம்கூட வழுக்கல," என்றார் லோவல்.

"என்னுதும்," என்றார் ஹோய்ட்.

"குளிர்காலத்துல ரப்பர் கல்லாயிடும்னு கடைக்காரன்..."

"காலைல கெளம்பும்போது வாசல்லயே பிரேக்க மிதிச்சுக்கிட்டு பின் சக்கரத்தச் சுத்தவிடு. புகை வரும். சூடாயிடும். அப்பறம் போ," என்றார் வெர்ஜில். "நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

'இருந்தா' என்ற சொல்லை வெண்டல் அன்று கவனிக்கவில்லை. கமிட்டி மூன்றாவது டயரை ஏகமனதாகப் பரிந்துரைத்தது. கிடைப்பதிலேயே அகலமானதாக வாங்க வேண்டும் என்று ஒரு துணைத் தீர்மானமும் நிறைவேறியது.

டயர் வந்தது. அடுத்த பந்தயத்தில் பாதிரியார் தோற்றார். இந்தத் தடவை வெண்டல் கையை ஆட்டினார். அதற்கப்புறம் தடத்தைக் குளிர்காலத்துக்கு இழுத்து மூடிவிட்டார்கள். மூடினால் என்ன, இது தினசரி ஓட்டுகிற கார் ஆயிற்றே.

அக்டோபர் காலைகளில் கமிட்டியின் வழிகாட்டுதல்படி வெண்டல் வாசலில் புகை கிளப்பினார். ஏழு வயது மகள் ஜூனி பின் சீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவே வெள்ளைப் புகையில் மறைந்தது. எதிர்வீட்டு அம்மாள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்வதை முதல் வாரத்தோடு நிறுத்திக்கொண்டாள். அப்பா தன்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக ரப்பரை எரிக்கிறார் என்று ஜூனி வகுப்பில் கட்டுரை எழுதி நட்சத்திரம் வாங்கினாள்.

பிறகு மழை வந்தது. சாதாரண மழையா அது, ராத்திரி முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காலையில் வடிகால் அலுவலகத்தில் போன் மணி ஓயவில்லை, உடனே வா என்று மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். டார்லா வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வெண்டலைப் பார்த்தாள்.

"போயிடுவியா?"

"மழைய மதிச்சுப் போவேன்," என்றார் வெண்டல்.

மதித்துத்தான் போனார். அவ்வளவு மரியாதையை அவர் கவர்னருக்குக்கூடக் காட்டியதில்லை. ஸ்கூல் பஸ் தாண்டிப் போயிற்று. டிராக்டர் தாண்டிப் போயிற்று. ஜன்னலை ஒட்டி ஒரு கிழவர் சைக்கிளில் போனபோது ஜூனி அவருக்குக் குட்மார்னிங் சொன்னாள். தானியக் கிடங்குப் பக்கத்து மேட்டில் சிவப்பு விளக்கு விழுந்தது. பச்சை ஆனதும் வெண்டல் ஆக்சிலரேட்டரைப் பூவைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"அப்பா," என்றாள் ஜூனி. "நாம பின்னாடி போறோம்."

"தெரியும்மா."

"வேணும்னா போறோம்?"

"இல்லம்மா."

எட்டு சிலிண்டரும் முழங்க, கார் மிக நிதானமாக, ஒரு கப்பலின் கம்பீரத்தோடு பின்பக்கமாக வழுக்கி, திரும்பி, சாலையோரத்து அரசாங்கக் கால்வாய்க்குள் பின் சக்கரங்களை இறக்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நிமிஷத்தில் வெண்டலின் போன் அடித்தது. அலுவலகம்.

"வெண்டல், கிடங்குக்குப் பக்கத்துக் கால்வாய எவனோ கார விட்டு அடைச்சிருக்கானாம். ஒரு எட்டு போய்ப் பாரேன்."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் வெண்டல்.

டார்லாவைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் கார் போச்சு. அவள் வேலைக்குப் போக அந்த வழியாக வருவதற்குள் காரை இழுத்துவிட்டால் பிழைத்துவிடலாம். கமிட்டியைக் கூப்பிட்டார். ஆபத்தில் சங்கம் கைவிடாது. ஐந்தே நிமிஷத்தில் வெர்ஜில் வந்தார், பின் கண்ணாடியில் நான்கு பேரக்குழந்தைகளின் படம் ஒட்டிய மினிவேனில். லோவல் வந்தார், சிவப்பு மினிவேனில். ஹோய்ட்டும் மினிவேன்தான், உள்ளே நாய் வேறு.

"கயிறு இருக்கா?" என்றார் வெண்டல், மழையில் நனைந்தபடி. பிறகுதான் வரிசையைப் பார்த்தார். "உங்க வண்டியெல்லாம் எங்க?"

"கராஜ்லதான்," என்றார் வெர்ஜில். "மழை பெய்யுதே."

"நீங்க தெனமும் ஓட்டறவங்கதானே?"

"ஆமா. தெனமும் ஓட்டறோம். மழை நாள் கணக்குல வராது."

"குளிர் நாளும்," என்றார் லோவல்.

"பனிக்கு உப்புப் போட்ட ரோடு, சரளை ரோடு, திங்கக்கிழமை," என்றார் ஹோய்ட். "அதான் ஒரு தரம்கூட வழுக்கல."

அப்போது நான்காவதாக ஒரு வேன் வந்து நின்றது. டார்லா கண்ணாடியை இறக்கினாள். கால்வாயைப் பார்த்தாள். மூன்று வேன்களையும் பார்த்தாள். அந்த வேன்களின் சொந்தக்காரிகளான கமிட்டியார் மனைவிமாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேருமே இந்நேரம் வேலைக்குப் போக வண்டியில்லாமல் வாசலில் நின்றிருப்பார்கள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் வெண்டலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஜூனி, ஏறுடா கண்ணு. வெண்டல், நீயும் ஏறு."

"நான் வேனக் கேக்கலியே டார்லா."

"கேக்கல. ஆனா கால வாரிடுச்சே."

அவ்வளவுதான். பேசிய பேச்சு பேச்சு. கார் விற்பனைக்கு வந்தது. வெண்டல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், வெளியாளுக்குப் போவதைவிட மதிப்புத் தெரிந்தவன் கையில் போகட்டும் என்று சங்கத்துக்கே முதலில் சொன்னார். வானம் வெளுத்த சனிக்கிழமை, கமிட்டி முழுமையாக வந்தது, அவரவர் பளபளக்கும் காரில். வெர்ஜில் குனிந்து அடிப்பாகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். சேறு. சீட்டைப் பார்த்தார். ஜூனியின் பிஸ்கட் தூள். மைல் மீட்டரைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. இத நெஜமாவே தெனமும் ஓட்டினியா?"

"ஆமா தலைவரே. தெனமும்."

வெர்ஜில் தொப்பியைக் கழற்றினார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

"அடப்பாவி," என்றார் சங்கத் தலைவர். "இப்படி எவனாவது ஒரு நல்ல காரக் கெடுப்பானா?"