ஜோரான் அண்ணனும் பால் டின்னும்

உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். ஒரு மீனுக்குக்கூடத் துளித் தொந்தரவு கொடுக்காமல், மீன்பிடிச் சாமான் சேர்ப்பதையே பிறவிப் பயனாக வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கொழுந்து லோரி டிரைவர், ஜோரான் அண்ணன். கேமரன் மலை மீன்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை இருந்திருந்தால், அண்ணன் எந்தத் தேர்தலிலும் தோற்றிருக்க மாட்டார்.

ஜோரான் என்றால் மலாயில் தூண்டில் கம்பு. அப்பா அம்மா வைத்த பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்த எனக்கே சம்பளப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால் இது யாரென்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்.

லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் இருப்பதே இரண்டு அறை, ஓர் அடுப்படி. ஓர் அறையில் அண்ணனும் அவர் மனைவி ராஜாத்தி அக்காவும் படுப்பார்கள். இன்னோர் அறையில் சாமான்கள் படுத்திருக்கும். தூண்டில் கம்பு மட்டும் முப்பது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பளித் துணியில் உறை. மலைக் குளிரில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரியும் நாட்களில்கூட அந்த முப்பதும் சுகமாகப் போர்த்திக்கொண்டு தூங்கும். உறை தைத்தது அக்கா. "எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுங்கன்னேன். ஜோரானுக்கு உறை தைச்சது போக மிச்சத் துணி இருக்கு, எடுத்துக்கோங்கிறாரு" என்று கியா பார்மில் அவர் வேலை செய்யும் ஸ்ட்ராபெரிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி ஆரம்பம். அண்ணன் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் லயத்தில் எவன் கண்ணில் படுகிறானோ அவன் அன்றைய பார்வையாளன். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் பெரும்பாலும் அது நான்தான். செருப்பைக் கழற்ற வேண்டும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் ஜோரானின் உறையை உருவுவார். வரிசை ஒருநாளும் மாறாது. கம்பு முடிந்தால் ரீல், ரீல் முடிந்தால் முள், முள் முடிந்தால் மிதவை.

"தம்பி, காதைக் கிட்டக் கொண்டா. இது நாலாம் நம்பர் ரீல். க்ரிக், க்ரிக். கேட்டியா? இப்ப ஏழாம் நம்பர். க்ர்ரிக், க்ர்ரிக். வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"என்னா வித்தியாசம்?"

இங்கேதான் எல்லாரும் மாட்டுவோம். தெரியுது என்று சொன்னாலும் விளக்கச் சொல்வார், தெரியவில்லை என்று சொன்னாலும் அவரே விளக்குவார். இரண்டுக்கும் அரை மணி நேரம்.

அவரிடம் தப்பியவர்கள் கிடையாது. மீட்டர் பார்க்க வந்த ஆள் ஒருநாள் உள்ளே போய், எங்கள் லயத்து மீட்டர்களைப் பார்க்காமலே திரும்பிப் போனார். கூரை ஒழுகுகிறது என்று அக்கா புகார் கொடுத்து, எஸ்டேட் மேனேஜர் துரையே நேரில் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. பதினாறாம் நம்பர் ஜோரான் வரைக்கும் பார்த்துவிட்டு, "வெரி குட், வெரி குட்" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார். கூரையை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒழுகிய இடத்துக்குக் கீழே வாளி வைத்தது நான்தான்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "ஏண்ணே, இவ்வளவு சாமான் இருக்கே. ஒரு நாளாவது போய் மீன் பிடிக்கலாம்ல?"

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணி பட்டா சாமான் வீணாப் போயிடும்லா."

ஆனாலும் என் கேள்வி அவரை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரமே ரிங்லெட் ஏரிக்கு என்னை அழைத்துப் போனார். கரையில் படுதா விரித்து, சாமான்களை வரிசைப்படி அடுக்கி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. எந்த ஜோரானை முதலில் நனைப்பது என்று அவர் தீர்மானிப்பதற்குள் பனிமூட்டம் இறங்கி ஏரியே காணாமல் போனது. எங்களுக்குப் பத்தடி தள்ளி ஒரு மலாய்க்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலியான பால் டின் ஒன்றில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைத்து, கையாலேயே வீசி, நாலு மீன் பிடித்துப் பையில் போட்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

அண்ணன் எழுந்து பெரியவரிடம் போனார். சண்டை வருமோ என்று பயந்து நானும் பின்னால் போனேன். அவரோ கையுறை மாட்டிய கைகளில் அந்த டின்னை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நரம்பு சுற்றியிருந்த விதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மீனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது டின் அண்ணன் கையில் இருந்தது. பெரியவர் கையில் அண்ணனின் புத்தம் புது ரீல் ஒன்று இருந்தது. இவர் மனசு மாறுவதற்குள் பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து காட்சியின் கடைசிச் சாமான் பால் டின்தான். அதற்கு மட்டும் சிவப்பு வெல்வெட் துணி. "இதுக்கு மேல சாமான் கிடையாது தம்பி" என்று சொல்லி அதை மூடினால்தான் நமக்கு விடுதலை.

இப்படி இருக்கும்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் லயத்தில் இருந்து கோலா தெர்லாவுக்குக் காய்கறி லோரி ஓட்டப் போன சேகர் என்ற நண்பன், ஒரு ஞாயிறு மத்தியானம் "இன்னிக்கிக் காட்சி எப்படிடா?" என்று செய்தி அனுப்பினான். நான் அப்போதுதான் இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டு, கால் மரத்துப்போய் வெளியே வந்திருந்தேன். கைப்பேசியை எடுத்து, அண்ணன் குரலிலேயே பேசிப் பதிவுசெய்தேன். ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்து வரிசையாகப் போனேன். ரீல் சத்தமெல்லாம் வாயாலேயே போட்டேன். நடுநடுவே என் குரலில் புலம்பலும் சேர்த்தேன்: "உக்கார ஒரு பலகை கிடையாதுடா. குருட்டு வெளிச்சம், முள்ளு எது முனை எதுன்னு தெரியல. தேயிலை எஸ்டேட்ல இருந்துக்கிட்டு ஒரு வாய் டீ கிடையாது. சினிமாவுக்குக்கூட இடைவேளை உடுறான், இவரு ஒண்ணுக்குப் போவக்கூட உடமாட்டேங்கிறாரு!" மிதவை வரைக்கும் வந்து, மயங்கி விழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு முடித்தேன். எனக்கே என் திறமையில் பெருமையாக இருந்தது.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அது சேகருக்குப் போகவில்லை. லயத்துக் குரூப்புக்குப் போயிருந்தது. அண்ணனும் அதில் இருந்தார்.

பதறிப்போய் அழிக்கப் பார்த்தேன். அழிப்பதில் இரண்டு வகை உண்டாம், எல்லாருக்கும் அழிப்பது ஒன்று, நமக்கு மட்டும் அழிப்பது ஒன்று. அவசரத்தில் கட்டைவிரல் இரண்டாவதைத் தொட்டது. ஆக, அந்தப் பதிவு இல்லாத ஒரே கைப்பேசி எங்கள் லயத்திலேயே என்னுடையதுதான். ஐந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அப்புறம் யாருக்கோ விஷயம் உறைத்திருக்க வேண்டும், குரூப்பே வாயை மூடிக்கொண்டது. அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கதவு சாத்தியிருந்தது.

ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கோயில் பக்கமாகச் சுற்றிப் போகிறவர்கள்கூட நேராக வாசலுக்கே வந்து நின்றார்கள். உள்ளே சுத்தியல் சத்தமும் துளை போடும் மெஷின் சத்தமும் கேட்டன.

"பொட்டி அடிக்கிறாருப்பா" என்றார் எதிர்வீட்டு திரேசம்மா அக்கா. "சாமானெல்லாம் ஈப்போவுக்குப் போவுதாம். வாங்க ஆள் வருதாம்."

"யார் சொன்னா?" என்றேன்.

"பலகை ஏத்திக்கிட்டு வந்ததை என் கண்ணால பார்த்தேன் தம்பி. இனிமே யாரு வந்து பாக்கப்போறான்னு வெறுத்துட்டாரு போல." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்குள் வந்தால் என் மனைவி அதையே இன்னும் நேராகச் சொன்னாள். "ஒரு மனுசன் வாரம் பூரா லோரி ஓட்டிட்டு, ஒரு நாள் சந்தோசமா இருந்தாரு. அதையும் உங்க வாய் கெடுத்துருச்சு."

அந்த வாரம் ஆபீசுக்கு அண்ணன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. வழக்கமாக அங்கேயே நின்று, பிரிக்காத பார்சலைப் பற்றியே கால் மணி நேரம் பேசுவார். அன்றைக்கு வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அவசர வேலை தம்பி, அப்புறம்" என்று லோரியில் ஏறிவிட்டார். அவர் வாயிலிருந்து 'அப்புறம்' என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறும் கதவு திறக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பொறுக்க முடியாமல் ரிங்லெட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று ஒரு மிதவை வாங்க நினைத்தேன். கடைக்காரச் சீனர், என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எந்த மரம், எவ்வளவு கனம், எந்த முள்ளுக்கு எது பொருந்தும், வண்ணம் ஏன் மேலே சிவப்பாக இருக்க வேண்டும் என்று அருவி மாதிரி கொட்டினேன். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறைய மீன் பிடிப்பீங்களா?" என்றார் மலாயில்.

"ஒண்ணுகூடப் பிடிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி. வாசலில் அண்ணன் நின்றார். கதவு திறந்திருந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு மொத்தமும் மறந்துபோய், "அண்ணே, அந்த மெசேஜு..." என்று மட்டும் சொன்னேன்.

"முதல்ல உள்ள வா. செருப்பைக் கழட்டு."

உள்ளே போனேன். ஒரு சாமான்கூடக் குறையவில்லை. சுவரில் புதுசாக மூன்று விளக்கு, முள்ளின் முனை வாசலிலிருந்தே தெரிந்தது. நடுவில் முதுகு சாய்கிற மாதிரி ஒரு பெஞ்சு, புதுப் பலகை வாசனையோடு. பக்கத்து ஸ்டூலில் பிளாஸ்க்கும் இரண்டு கோப்பையும். சுவரில் ஓர் அட்டை: 'பதினாறாம் நம்பருக்குப் பிறகு இடைவேளை.'

நான் அந்த அட்டையை இரண்டு முறை படித்தேன்.

"உக்காரு தம்பி. முன்னாடியே சொல்லிட்டா நல்லாருக்காதுன்னுதான் மூணு வாரமா உன்கிட்ட பேசாமத் திரிஞ்சேன். எனக்கு எதையும் மனசுல வச்சுக்கத் தெரியாது, உன் மூஞ்சியப் பார்த்தா உளறிடுவேன்லா."

"அண்ணே, நான் கிண்டல் பண்ணிட்டேண்ணே. தப்பா நினைச்சுக்காதீங்க."

"கிண்டல்னு தெரியாமயா? நான் என்னா முட்டாளா?" அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டார். "முதல் தடவை கேட்டப்போ கஷ்டமாத்தான் இருந்துச்சு. மறுபடி கேட்டேன். ஆறு தடவை கேட்டேன். ஒண்ணுலேருந்து முப்பது வரைக்கும் ஒரு நம்பர் மாறல. நாலாம் நம்பர் ரீலு, ஏழாம் நம்பர் ரீலு, ரெண்டு சத்தமும் அச்சு அசலா வாயால போட்டிருக்கே. இத்தனை வருசமா நான் சுவத்துக்கிட்டதான் பேசுறேன்னு நினைச்சேன் தம்பி. நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்கே."

மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ராஜாத்தி அக்கா டீயை ஊற்றி நீட்டி, "குடி தம்பி. உன் புண்ணியத்துல என் வீட்டுக்கும் வெளிச்சம் வந்துச்சு" என்றார்.

அண்ணன் நான் கொடுத்த மிதவையை விளக்கில் பிடித்துப் பார்த்து, அதற்கும் ஒரு நம்பர் போட்டார். பிறகு முகம் கொஞ்சம் வாடியது. "ஒரே ஒரு குறைதான் தம்பி. பால் டின்னை விட்டுட்டே."

இப்போது நான் வேலை மாறி ஈப்போவுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு பத்து மணிக்குக் கைப்பேசி அடிக்கும். வீடியோவில் கையுறை தெரியும். மலையில் சிக்னல் சரியாக ரீல் வரும்போதுதான் அறுந்துபோகும். மறுபடி இணைப்பு வரும்வரை க்ரிக், க்ர்ரிக் என்று நானே வாயால் சத்தம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தக் கதை வரும் பத்திரிகையை யாராவது அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதையும் அவர் ஆறு தடவை படிப்பார் என்று எனக்குத் தெரியும். அண்ணே, பாருங்க, இந்தத் தடவை பால் டின்னை விடல.